பாம்பனின் சின்ன கர்டர்கள்

பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அதன் தூக்குப் பகுதியைத்தான் எடுத்தார்கள். சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறை அது. இருபுறமும் ஒவ்வோர் இறக்கை. கப்பல் வரும்போது எதிர் எடையின் துணையோடு இரண்டும் பின்னால் உருண்டு எழும். தொழிலாளர்கள் நெம்புகோலைக் கையால் சுற்றியே நானூறு டன்னைத் தாண்டும் ஓர் இறக்கையை எழுப்பினார்கள். வியக்க வேண்டிய வேலைதான். ஆனால் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் ஆயுளை நீட்டியது, யாரும் நின்று பார்க்காத மற்ற கண்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் சுமார் 145 கண்கள்; தூக்குப் பகுதி நீங்கலாக, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமுள்ள கர்டர்கள்.

இவ்வளவு குட்டையான கர்டர்கள் எதற்கு? தூண்கள் கூடும், உப்புநீரில் பராமரிப்புச் செலவும் கூடும். நியாயமான ஆட்சேபம்தான். துரு அந்தப் பாலத்தைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் 1964 டிசம்பர் புயல் அந்தக் கணக்கை வேறு பக்கமும் எழுதியது. அன்றிரவு 120க்கும் மேற்பட்ட கர்டர்களைக் கடல் இழுத்துப் போனது. தூண்கள் பெரும்பாலும் நின்றன, தூக்குப் பகுதியும் நின்றது. புயலில் ஓடு பறந்தாலும் சுவர் நிற்கிற வீட்டை மீண்டும் வேய்ந்துவிடலாம்.

சீரமைப்புக்கு ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது. பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். அப்படியானால் பெருமை அவருக்கா, வடிவமைப்புக்கா என்று கேட்கலாம். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, அவற்றையே திரும்பப் பொருத்தலாம் என்று துணிந்தது அவருடைய மூளை. அதில் பங்கு கேட்க முடியாது. ஆனால் அவை நூறு மீட்டர் நீள இரும்புக் கூடுகளாக இருந்திருந்தால், அந்தத் துணிச்சலுக்குக் கைகொடுக்க அங்கே எதுவும் இருந்திருக்காது. சிறியதாக இருந்ததால் தூக்க முடிந்தது. ஒரே அளவாக இருந்ததால் ஒரு கண்ணிலிருந்து விழுந்ததை இன்னொரு கண்ணில் வைக்க முடிந்தது. பாலத்துக்கு வரைபடம் போட்டவர்கள் புயலை எண்ணித்தான் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆழம் குறைந்த கடலில் அடிக்கடி தூண் நாட்டுவது எளிது என்பதே போதுமான காரணம்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் தூக்குப் பகுதி 72.5 மீட்டர், இறக்கை விரிக்காமல் செங்குத்தாக மேலே ஏறுகிறது. மற்ற 99 கண்களும் 18.3 மீட்டர்தான்.