எல்லைக்கோடும் பிரதிநிதித்துவமும்

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் பிறந்தது திருநெல்வேலிப் பேட்டையில். 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களில் அவரை மக்களவைக்கு அனுப்பி வைத்ததோ மலையாள மண்ணின் மஞ்சேரி. இன்று அப்பெயரில் மக்களவைத் தொகுதி இல்லை. 2008ஆம் ஆண்டு மறுவரையறைக்குப் பின் மலப்புரம் தொகுதி அவ்விடத்தைப் பெற்றது. 1952இல் பி. போக்கர் சாஹிப் வென்ற தொகுதியின் பெயரும் மலப்புரமே. 1957இல் அவரே மஞ்சேரியில் வென்றார். எல்லைக்கோடு நகரும்போது ஒரு பெயர் மறைகிறது, மற்றொன்று மீள்கிறது. ஆனால் கோடு மாற்றுவது பெயரை மட்டுமன்று.

1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி முறையை அளித்தது. 1947 ஆகஸ்டில் அதனைத் தொடரக் கோரி அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொணர்ந்தவர் போக்கர் சாஹிப். சபை ஏற்கவில்லை. 1949 மே மாதத்தில் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. அம்முடிவை ஆதரித்த முஸ்லிம் உறுப்பினரும் உண்டு. அன்று முதல் நம் பிரதிநிதித்துவம் பொதுத் தொகுதியின் எல்லைக்குள் அடங்கியதாயிற்று.

அவ்வெல்லையை வரைய 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆணையங்கள் அமைந்தன. 1961 கணக்கெடுப்பின் விளைவாகத் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆயின. 1976இல் வந்த 42ஆம் திருத்தம், மாநிலங்களுக்குரிய இடங்களை 1971 கணக்கின்படி நிலைநிறுத்தியது. 2001இன் 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பிந்தைய முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டில் முனைந்த மாநிலங்கள் இடமிழக்கலாகாது என்பதே காரணம். இடையே 2001 கணக்கைக் கொண்டு உள்ளெல்லைகள் மட்டும் மாற்றப்பட்டன.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஒரே ஊரின் மக்களை ஒரு தொகுதிக்குள் வைத்தால் அவர்தம் வாக்குக்கு எடை உண்டு. இரண்டாகப் பிரித்தால் அது கரைந்துவிடும். உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில தொகுதிகள் பட்டியல் இனத்தாருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதையும், பட்டியல் இனத்தார் மிகுந்த வேறு தொகுதிகள் பொதுவாக விடப்பட்டிருப்பதையும் 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. பட்டியல் இனத்தாரின் உரிமையை அக்குழு மறுக்கவில்லை. மறுவரையறை முறை சீர்பட வேண்டும் என்றே கூறியது.

2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்கும். பொது அமர்வுகளும் நடத்தும். இறுதி ஆணை வெளிவந்தபின் நீதிமன்றத்தின் கதவு பெரும்பாலும் அடைபட்டதே. எனவே தேர்தல் நாளன்று காட்டும் ஊக்கத்தை வரைவு வெளியாகும் நாளிலும் நாம் காட்ட வேண்டும். ஊர்வாரியான மக்கள்தொகை விவரத்தையும் வரைபடத்தையும் கையில் கொண்டு அமர்வுக்குச் செல்வோரின் சொல்லே அங்கே பயன்படும். சபையில் தோற்றபின்னும் தேர்தல் களத்தை விட்டு விலகாத காயிதே மில்லத்தின் வாழ்விலிருந்து நாம் பெறும் படிப்பினையும் இதுவே.