நீர்ப்பாசனச் சபையும் கமக்காரனும்

இலங்கையின் நீர்ப்பாசன வரலாற்றை எழுதியோரிற் பலர் மன்னர்களின் பெயர்களையும் தேசாதிபதிகளின் பெயர்களையும் வரிசைப்படுத்திச் செல்வர். அணைக்கு மண் சுமந்தவனையும் கடைமடையில் தண்ணீருக்குக் காத்துநின்றவனையும் அவ்வேடுகளில் நாம் தேடியே காணல் வேண்டும். நீரை மேற்பார்த்த சபைகளின் கதையை அவன் பக்கம் நின்று நோக்குவோம்.

இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம், கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி 1832இல் ஒழிக்கப்பட்டது. நிலமானியத் தளையொன்று அறுந்த அளவில் அது முன்னேற்றமே. ஆயின், அத்தளையோடு பிணைந்திருந்த பொதுப்பணியும் குலைந்தது. அணையைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் ஊரவரைக் கூட்டும் சட்டவலு மறைந்தது. அதனிடத்தில் வேறோர் ஒழுங்கை அரசு உடனே அமைக்கவில்லை. சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே பழைய நீர்ப்பங்கீட்டு வழக்கங்களுக்கு மீண்டும் உயிரளித்தது. ஆனால் அது கூட்டத்துக்கு அழைத்தது நெல்வயல் உரிமையாளரை. வாரத்துக்கு உழுதவனின் குரலுக்கு அங்கே மதிப்பேது?

1887இல், ஆதர் கோடன் ஆட்சியில், மத்திய நீர்ப்பாசனச் சபை நிறுவப்பட்டது. நெல்வரி வருமானத்தில் நாலிலொரு பங்கு நீர்ப்பாசன வேலைகளுக்கென ஒதுக்கப்பட்டது. கலாவாவி புனரமைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அப்பணம் யாருடையது? அதே எண்பதுகளிலேதான், நெல்வரி கட்ட இயலாத வலப்பனைக் கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஒரு கையால் வயலைப் பறித்த அரசு, மறு கையால் குளத்தைத் திருத்திற்று! 1892இல் அவ்வரியை நீக்கத் தீர்மானிக்கப்பட்டது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. எனினும், நீரைப் பற்றிய தீர்மானம் பெரும்பாலும் உத்தியோகத்தர் கையிலேயே இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தது 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன கொணர்ந்த அச்சட்டம், வயலையும் வாய்க்காலையும் மேற்பார்த்த வெல்விதானையின் பதவியை ஒழித்து, தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் அப்பணியை ஒப்படைத்தது. உழுபவன் நீரை ஆளும் சபையில் அமரும் உரிமை பெற்றான். நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் சட்டத்தின் ஓட்டைகளும் அக்குழுக்களை வலுவிழக்கச் செய்தன. 1979இலோ, மகாவலிப் பிரதேசத்தின் நீரும் நிலமும் குடியேற்றமும் சட்டத்தினால் ஒரே அதிகாரசபையின் கீழ் வந்தன.

மேற்பார்வையே வேண்டாம் என்பது நம் வாதமன்று. தலைமடையார் வேண்டியவாறு நீரை எடுத்தால் கடைமடை காயும். ஊர்களுக்கு மேலான ஓர் அமைப்பு இன்றியமையாததே. அதில் அமர்வோரைத் தெரிவுசெய்வது யார், அவர்கள் கணக்குக் காட்டுவது யாருக்கு என்பனவே நம் வினாக்கள். வகுப்பறையில் குளங்களின் பெயர்களைக் கற்பிக்கும் நாம், இவ்வினாக்களையும் கற்பித்தல் வேண்டும்.