அறுந்தால் தெரியும், ஊர்ந்தால் தெரியாது

1986 அக்டோபர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மலைச்சரிவில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கீழே உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பு, திடீரென்று 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்துதான் போகிறது என்று அர்த்தம். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போயிருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும்.

கேபிள் எங்கும் அறுபடவில்லை. இப்படி அறுபடாமலே ஊர்வதுதான் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் மிகச் சிக்கலான வியாதி. லைன் செத்துவிட்டால் எங்கே செத்தது என்று தேடிப் போகலாம். உயிரோடு இருந்துகொண்டே ஊர்ந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைக்கும் ஈதர்நெட்டின் ஆரம்ப காலத்தில் பதில் பெரும்பாலும் கேபிளிலேயே கிடைத்தது. பாப் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் 1973இல் தொடங்கிய முயற்சி, 1980களில் அலுவலகங்களுக்குள் வந்தபோது தடித்த மஞ்சள் கேபிளாக வந்தது. ஒரு கேபிள் 500 மீட்டர் வரை ஓடும். அதில் 2.5 மீட்டருக்கு ஒரு அடையாளம் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில்தான் ஊசியை இறக்கி ஒரு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டும். பிறகு வந்த மெல்லிய கேபிளில் டி வடிவ கனெக்டர்கள். இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்னும் மூடி இருக்க வேண்டும். யாராவது மேசையை நகர்த்தும்போது அதைக் கழற்றிவிட்டால் அந்த வரிசையே படுத்துவிடும். ஒரு கனெக்டர் லேசாகத் தளர்ந்திருந்தாலோ, தரவைச் சுமக்கும் பாக்கெட்டுகளில் பாதி போகும், பாதி போகாது.

அப்படித் தேடியவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆயுதம் பிங். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் நெட்வொர்க் கோளாறு ஒன்றைப் பிடிக்க அதை எழுதினார். ஒரு பாக்கெட்டை அனுப்பு, அது திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார். அவ்வளவுதான். அவர் எழுதி முடிப்பதற்குள் பழுதான கருவியை வேறு யாரோ கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார்கள்! ஆனாலும் பிங் நிலைத்தது. பிற்பாடு ஒரு நிர்வாகி, ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் "பிங்" என்று சத்தமாகச் சொல்லும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து கனெக்டர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்திருக்கிறார். குரல் நின்ற இடத்தில் கோளாறு.

பெர்க்லி கோளாறு அந்த வகையில் சேரவில்லை. லாரன்ஸ் ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தின் மைக் காரல்ஸும் தோண்டத் தோண்ட, குற்றவாளி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் இருந்தது தெரிந்தது. பதில் வரத் தாமதமானதும், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி அதையே மறுபடி அனுப்பின கம்ப்யூட்டர்கள். நெரிசல் கூடியது, இன்னும் தாமதம், இன்னும் நகல்கள். வழியெங்கும் ஒரே பாக்கெட்டின் பிரதிகளே நிரம்பி வழிந்தன. அவர்கள் கண்ட மருந்து, நிதானம். முதலில் ஒரு பாக்கெட், பதில் வந்தால் இரண்டு, பிறகு நான்கு. ஏதாவது தொலைந்தால் உடனே குறைத்துக்கொள். 1988இல் கட்டுரையாகவும், பெர்க்லி யூனிக்ஸில் நிரலாகவும் வெளியான இந்தத் திருத்தம் இல்லாமல் இன்றைய இணையம் நின்றிருக்காது. அடுத்தவருக்கும் வழிவிடும் குணத்தை எந்திரத்துக்குள் எழுதிவைத்த அரிய வேலை அது.

1990களில் மஞ்சள் கேபிள் போய், முறுக்குக் கம்பியும் ஹப்பும் ஸ்விட்சும் வந்தன; கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் ஓடியது. நோயும் வேடம் மாற்றியது. 1995இல் வந்த 100 மெகாபிட் ஈதர்நெட்டில், செப்புக் கம்பியின் இரு முனைகளும் தங்களுக்குள் பேசி வேகத்தையும், ஒரே நேரத்தில் இருபக்கமும் அனுப்பலாமா என்பதையும் முடிவு செய்துகொள்ளும். ஒரு முனையை நிர்வாகி கையால் 'ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். மறுமுனை 'ஹாஃப் டூப்ளெக்ஸ்', அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான், என்றே எடுத்துக்கொள்ளும். இருபுறமும் பச்சை விளக்கு எரியும், பிங் சரியாக வரும். பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் தவழும். 100 மெகாபிட் ஃபைபருக்கோ இந்தப் பேச்சு வசதியே தரப்படவில்லை. ஃபைபரும் செம்பும் சந்திக்கும் கன்வெர்டர்களில் இந்தப் பொருத்தமின்மை எளிதாக நுழைந்தது இதனால்தான்.

1999இல் செப்புக் கம்பிக்கான கிகாபிட் தரம் வந்தபோது, இந்தப் பேச்சைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் பழைய 100 மெகாபிட் கன்வெர்டர்கள் இன்னும் பல கட்டடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் பிங் நன்றாக வந்தும் ஃபைல் ஊர்ந்தால், புது கேபிள் வாங்கும் முன் இரண்டு முனைகளிலும் டூப்ளெக்ஸ் அமைப்பைப் பாருங்கள்.