கொழுந்து வாசமும் இறப்பர் வாடையும்

இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களில், 'ஸ்டோர்' எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் கடிகாரத்தைவிட மூக்குக்கே அதிக மதிப்பு இருந்தது. ரோலரிலிருந்து இறங்கிய ஈரத் தூளைக் கையில் அள்ளி முகர்ந்துதான், அதை அடுப்புக்கு அனுப்புவதா, இன்னும் கொஞ்சம் கிடக்க விடுவதா என்று டீமேக்கர் முடிவெடுப்பார். நசுங்கிய இலையிலிருந்து முதலில் எழுவது பச்சை வாடை. தூள் செம்பு நிறமாகும்போது அது அடங்கி, பூவையும் பழத்தையும் நினைவூட்டும் வாசம் வரும். பிறகு தணியும், மறுபடியும் ஒருமுறை எழும். அந்த நேரம் தவறினால் தேநீரின் குணம் கெடும், ஏலத்தில் விலை விழும். இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நில வெக்கையில் தூள் சீக்கிரம் பதமாகிவிடுவதால், மூக்கு இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

இத்தனை நுட்பமான அறிவு எங்கே எழுதி வைக்கப்பட்டது? கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று நடந்தது. அன்றிலிருந்து தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் எழுதிவந்த சுருக்கமான குறிப்புகளே இலங்கைத் தேயிலை வாசத்துக்குக் கிடைத்த எழுத்து. டீமேக்கரின் மூக்கு அறிந்ததோ பக்கத்தில் நின்று பழகியவருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. மற்றது அவரோடு போனது.

இறப்பரின் கதை வேறு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலைச் சரிவுகளெங்கும் இறப்பர் மரங்கள். விடியலில் பால்வெட்டு. சிரட்டையில் வடிந்த பால் வாளியில் சேர்ந்து ஸ்டோருக்குப் போகும். அங்கே அசிட் ஊற்றி உறைய வைத்து, தகடாக உருட்டி, இறப்பர் விறகுப் புகையில் பல நாள் தொங்கவிடுவார்கள். பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதும் அந்தப் புகைதான்.

அமிலப் புளிப்பு, விறகுப் புகை, மூலையில் குவிந்த ஒட்டுப்பாலின் அழுகல் எல்லாம் சேர்ந்ததே ஸ்டோர் வாடை. பாலிலுள்ள புரதத்தையும் மற்றப் பொருள்களையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உண்டாகும் கொழுப்பமிலங்கள்தான் அந்த அழுகலுக்குக் காரணம். வழிப்போக்கர் மூக்கைப் பொத்திக்கொள்வார். தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கோ, வேலை விட்டு வரும் அப்பாவின் சட்டையில் இருப்பது அதே வாடை.

அந்தப் பிள்ளைகள் பலர் இப்போது அங்கே இல்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அரசு இறப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். நாடு மாறியது, வாடை மாறவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை இன்னும் பலரை வெளியேற்றியது. எடுத்துக்கொண்டு போகப் படம்கூட இல்லாத குடும்பங்களுக்கு ஊரின் வாசம் ஒரு பெரிய சொத்து. அதைச் சின்ன விஷயமாக நினைப்பது சரியல்ல.

அந்தச் சொத்தைக் காக்க முடியுமா? வாசத்தைப் பதிவுசெய்து மீண்டும் எழுப்பும் முயற்சி கற்பனை அல்ல. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பெர்சாடும் ஜார்ஜ் டாடும் 1982இல் மின்னணு மூக்கின் முதல் மாதிரியைக் காட்டினார்கள். கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் அதே வழியில் தேயிலைக்கென்றே ஒரு கருவி செய்தன. டீமேக்கர் முகர்ந்து அறிந்த அந்த இரண்டு எழுச்சிகளையும் அதன் உணரிகள் கோடாக வரைந்து காட்டின. டோக்கியோவில் தகாமிச்சி நாகமோட்டோவின் குழு, வாசத்தை அளந்து, கூறுகளைக் கலந்து திரும்ப உண்டாக்கும் 'வாசப் பதிவுக் கருவி'யையே உருவாக்கியது. 2024இல் அமெரிக்காவின் ஆஸ்மோ நிறுவனம், ஒரு பிளம் பழத்தின் வாசத்தைத் தரவாக மாற்றி மீண்டும் உண்டாக்கியதாக அறிவித்தது.

ஆனாலும் தூரம் அதிகம். திரையில் எண்ணற்ற நிறங்களைக் காட்ட மூன்று நிறங்கள் போதும். மனித மூக்கிலோ சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள். தேயிலையில் மட்டும் 600க்கு மேற்பட்ட ஆவிக்கூறுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒற்றைப் பழத்துக்கே இத்தனை பாடு என்றால், புகையும் அமிலமும் ஈர மண்ணும் கலந்த ஓர் இறப்பர் ஸ்டோருக்கு இன்னும் எவ்வளவு காலமோ!

அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பூவைப் பறிக்காமலே அதைச் சுற்றியுள்ள காற்றைச் சேகரித்துக் கூறுகளைப் பட்டியலிடும் முறையை வாசனைத் திரவியத் துறை 1970களிலிருந்தே பயன்படுத்துகிறது. பிரான்சின் வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கிய ஆஸ்மோதெக், கடையில் கிடைக்காமல் போன வாசனைத் திரவியங்களையும் காத்துவருகிறது. சீமாட்டிகளின் அத்தருக்குக் காப்பகம் இருக்கும்போது பால்வெட்டுக்காரரின் ஸ்டோருக்கு ஏன் இருக்கக் கூடாது? தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரியிலேயே, சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. அந்த நிலையமும் பல்கலைக்கழகங்களும் மலையக அமைப்புகளும் கைகோத்து, புகை போடும் ஸ்டோர்கள் மிச்சமிருக்கும்போதே அவற்றின் காற்றை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஓய்வுபெற்ற டீமேக்கர்களையும் பால்வெட்டிய பெண்களையும் உட்காரவைத்து, எந்த வாடைக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கருவி பின்னால் வரட்டும். இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.