தங்கும் காலமும் வகுப்பறையும்: மேற்கு ஜெர்மனியின் ஆள்சேர்ப்புக் கொள்கை குறித்து

மேற்கு ஜெர்மனிக்கு உழைக்க வந்த துருக்கியரின் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதற்குப் பெற்றோரின் கிராமப் பின்னணியையும் வீட்டு மொழியையும் காரணம் காட்டுவது வழக்கம். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆயினும் முதற்காரணம் குடிவரவுக் கொள்கையே என்பது என் வாதம். தொழிலாளி எத்தனை காலம் தங்குவார் என்று அரசு கணக்கிட்டதோ, அதற்கேற்பவே அவர் பிள்ளையின் படிப்பும் திட்டமிடப்பட்டது.

1955இல் இத்தாலியுடன் தொடங்கிய ஆள்சேர்ப்பு ஒப்பந்தங்கள் 1961 அக்டோபரில் துருக்கியை எட்டின. இஸ்தான்புல்லில் இருந்த ஜெர்மன் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் ஆண்கள் உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். பல், நுரையீரல், சிறுநீர் எதுவும் சோதனைக்குத் தப்பவில்லை. தேறியவர்கள் சிர்கெஜி நிலையத்தில் ரயிலேறி, இரண்டு நாளுக்கு மேல் பயணம் செய்து, முனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடையில் இறங்கினார்கள். அதற்கு அடியிலிருந்த போர்க்காலப் பதுங்கறையிலிருந்து பல ஊர் ஆலைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பல்லைக்கூட எண்ணிப் பார்த்த அந்த ஏற்பாடு, கையில் தொழில் இருந்தவர்களையும் பெரும்பாலும் தேர்ச்சி தேவைப்படாத வேலைகளிலேயே அமர்த்தியது.

துருக்கி ஒப்பந்தம் முதலில் 2 ஆண்டுகளே தங்க அனுமதித்தது. வேலை பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்குவது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1964இல் அந்த வரம்பு நீங்கியது. 1973 நவம்பரில் ஆள்சேர்ப்பை நிறுத்தியபோது அரசு எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்றறிந்த துருக்கியர் பலர் அங்கேயே தங்கி மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கு வந்தது இந்தப் பிள்ளைகள்தாம். கல்வி மாநில அதிகாரத்தில் இருந்தது. மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி வகுத்த கொள்கையோ ஒரே மூச்சில் இரண்டைக் கேட்டது: பிள்ளை ஜெர்மன் பள்ளியோடு இணையவும் வேண்டும், ஊர் திரும்பும் தகுதியையும் இழக்கக் கூடாது. பவேரியா தாய்மொழி வழித் தனி வகுப்புகளை நடத்தியது. தாய்மொழிக் கல்வி தன்னளவில் குறையன்று. இங்கோ அது மூட்டை கட்டுவதற்கான ஆயத்தமாகவே அமைந்தது. பெரும்பாலான மாநிலங்களில் 4ஆம் வகுப்பு முடிந்ததும், சுமார் 10 வயதில், பிள்ளைகள் தரம் பிரிக்கப்படுகிறார்கள். அரைகுறை ஜெர்மனோடு அந்தக் கட்டத்தை அடைந்தவர்களுக்குப் பெரும்பாலும் கடைநிலைப் பள்ளியான ஹவுப்ட்ஷூலேதான் வாய்த்தது. இவர்கள் குடிவந்தவர்களே, அதற்கேற்பப் பள்ளி மாற வேண்டும் என்று கூட்டாட்சி அரசின் வெளிநாட்டவர் விவகார ஆணையர் ஹைன்ஸ் க்யூன் 1979இல் தம் அறிக்கையில் எழுதினார். அரசோ 1983இல், ஊர் திரும்பும் தொழிலாளருக்கு 10,500 மார்க் தரச் சட்டம் இயற்றியது.

இந்த வாதத்துக்கு இத்தாலியர் ஒரு சிக்கல். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் சட்டப்படி அவர்களுக்குத் தங்கும் உரிமை உறுதியாக இருந்தது. ஆயினும் அவர்கள் பிள்ளைகளும் கடைநிலைப் பள்ளிகளிலேயே தேங்கினார்கள். விரும்பும்போது போய்வர முடிந்ததால் குடும்பங்கள் இரண்டு நாட்டுக்கும் இடையே ஊசலாடின, பிள்ளையின் படிப்பும் இடையிடையே அறுந்தது என்பதே எனக்குப் பொருந்தும் விளக்கமாகப் படுகிறது. ஸ்பானியர் பாதை வேறு. அவர்களுடைய பெற்றோர் சங்கங்கள் தனி வகுப்புகளை எதிர்த்து, பிள்ளைகளைப் பொது வகுப்பில் சேர்க்கச் சொல்லிப் போராடின. மாலையில் வீட்டுப்பாடத்துக்குத் துணைநின்றன. ஒப்பந்தம் போட்டு அழைக்கப்பட்ட பிற நாட்டவர் பலரைவிட ஸ்பானியப் பிள்ளைகள் மேலேறினார்கள். அவர்கள் பெற்றோரும் பெரும்பாலும் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்களே. வீட்டில் பேசியதும் ஜெர்மன் அல்ல.