காற்றுப்பையும் காவல் விளக்கும்



வரலாறு என்பது அரசர்களின் போரும் முடிசூட்டும் மட்டும் அன்று. நாம் அன்றாடம் கையாளும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஜீயபுரம் வழியே காவிரிக் கரையை ஒட்டிச் செல்லும் கரூர்ச் சாலையில் எத்தனையோ கார்கள் ஓடுகின்றன. சாவியைத் திருப்பியதும் ஓட்டுநரின் முன்னே ஒரு சிறு விளக்கு எரியும். அமர்ந்த மனிதனும் அவன் முன் ஓர் உருண்டையும் அதில் தெரியும். சில விநாடிகளில் அது அணைந்துவிட வேண்டும். அணையாது நின்றால் அதன் பொருள் யாது?

1952-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்னும் பொறியாளர் மனைவியோடும் மகளோடும் காரில் சென்றார். வழியில் கிடந்த கல்லுக்கு விலகப்போய், வண்டி பள்ளத்தில் இறங்கிற்று. அக்கணமே பெற்றோர் இருவரும் மகளைக் காக்கக் கையை நீட்டினர். அந்தக் கைகளின் வேலையை ஒரு கருவி செய்யலாகாதா என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணமே காற்றுப்பை ஆயிற்று. 1953-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் இத்தகைய உரிமை பெற்றார்.

ஆயினும் அழுத்திய காற்று போதிய விரைவில் பையை நிரப்பவில்லை. 1968-இல் ஆலன் பிரீட் மோதலை உணரும் நம்பகமான கருவியை அமைத்தார். பின்னர், சோடியம் அசைடு என்னும் வேதிப்பொருளைப் பற்றவைத்து நைட்ரஜன் வாயுவை உண்டாக்கும் முறை வந்தது. 1981-இல் மெர்சிடிஸ் நிறுவனம் தன் பெரிய கார்களில் இதனைப் பொருத்தியது. பை விரிய ஏறத்தாழ 30 மில்லி விநாடியே போதும். கண் இமைக்கும் நேரம் அதனினும் பெரிது.

ஈண்டு ஒரு சிக்கல் எழுந்தது. பல்லாண்டு உறங்கி, ஒரே ஒருமுறை விழித்து வேலை செய்ய வேண்டிய கருவி இது. வெடித்துப் பார்த்துச் சோதிக்க இயலாது. ஆதலின் மின்சுற்றுகளைத் தானே சோதித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைத்தனர். குறை கண்டால் அது விளக்கை எரியவிட்டு, குறையின் குறியீட்டையும் நினைவில் வைக்கும். சில பழைய கார்களில் விளக்கு இமைக்கும் எண்ணிக்கையே குறியீடு. இன்று சோதனைக் கருவியை இணைத்தால், ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் தோன்றும்.

அக்குறியீடு நோயின் இடத்தைச் சுட்டுமேயன்றி நோய்முதலைச் சொல்லாது. இருக்கையை முன்பின் நகர்த்துவதால் அதனடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கினுள் சுருளாக அமைந்த கம்பி நாடா அறுந்திருக்கலாம். பாட்டரி வலுக்குன்றியிருக்கலாம். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. பட்டறைக்கும் அதுவே நெறி. பயிற்சி பெற்ற மெக்கானிக் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருப்பார். பெட்டிக்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். பையின் பற்றவைப்பானைச் சாதாரண ஓம்மானியால் அளக்கவும் மாட்டார். அளவுமானியின் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யக்கூடும். குறையைச் சீர்செய்த பிறகே குறியீட்டை அழிப்பார். காரணத்தை விட்டுக் குறியீட்டை மட்டும் அழிப்பதும், விளக்கையே பிடுங்கிவிடுவதும் காவற்காரனின் வாயைக் கட்டுவது போலாம். மோதும் வேளையில் பை விரியாது போகலாம்.

விளக்கும் முற்றறிவு உடையதன்று. தக்காத்தா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர் குடித்தது. இக்கேட்டை எவ்விளக்கும் காட்டவில்லை. கோடிக்கணக்கான பைகள் திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் அந்நிறுவனம் நொடித்தது. எனவே தயாரிப்பாளர் திரும்ப அழைத்தால் காலந்தாழ்த்தாது செல்ல வேண்டும்.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கும், 2022 தொடக்கம் முதல் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஆயினும் அது சீட் பெல்ட்டுக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

மாணவர்களே, உங்கள் வீட்டு வண்டியில் அவ்விளக்கு அணையாது நின்றால், “வண்டிதான் ஓடுகிறதே” என்று பெரியோர் சொல்லக்கூடும். ஹெட்ரிக் தம்பதியர் நீட்டிய கைகளை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அக்கைகள் இன்று நீளமாட்டா என்பதே அவ்விளக்கு சொல்லும் செய்தி.