யமுனைக் கரையில் ஒரு நகரம்

அடியேன் தில்லிக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்நகரம் எந்த ஆற்றங்கரையில் அமைந்தது என்று இதுகாறும் எவரும் என்னை வினவியதில்லை. சென்ற மார்கழியில் முசிறியிலிருந்து வந்திருந்த என் தாய்மாமன், வந்த மறுநாட் காலையிலேயே வினவினார். அவர் காவிரிக் கரையிற் பிறந்து வளர்ந்தவர். எவ்வூருக்குச் சென்றாலும் முதற்காரியமாக அவ்வூர் ஆற்றில் மூழ்கியெழுவது அவர் வழக்கம். "ஏனப்பா, யமுனை இங்கேதானே ஓடுகிறது? படித்துறை எவ்வளவு தூரம்?" என்று துண்டைத் தோளில் இட்டுக்கொண்டு அவர் நின்றபோது விடை கூற நாணமுற்றேன்.

நான் ஷாஹ்தராவில் குடியிருப்பவன். பழைய தில்லி நிலையத்தை அடுத்த அலுவலகத்திற்கு நாள்தோறும் இரும்புப் பாலத்தின் வழியே யமுனையைக் கடந்து செல்கிறேன். பாலம் வருமுன் நாற்றத்திற்கு அஞ்சி ஜன்னலை அடைப்பது எங்கள் பெட்டியிலுள்ளோர் பழக்கம். சிலர் மட்டும் கண்மூடிக் கும்பிட்டு ஒரு நாணயத்தை எறிவர். கீழே சிறுவர்கள் கயிற்றில் காந்தம் கட்டி அந்தக் காசைத் தேடுவர். மார்கழிதோறும் நம் வீடுகளில் ஓதப்பெறும் திருப்பாவையில் வரும் யமுனையும், ஜன்னலை அடைத்துக்கொண்டு கடக்கும் இந்த யமுனையும் ஒன்றே என்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. ஐந்து நாள் விடுப்பெடுத்து, மாமாவுடன் நானும் ஊருக்குப் புதியவனாகச் சுற்றினேன். பார்த்ததையும் பின்னர்ப் படித்தறிந்ததையும் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

தில்லியின் சரித்திரத்தை அரசர்களின் வரிசையாகவே நாம் பள்ளியிற் படித்தோம். அதனை நீரின் வழியே படித்தால் வேறொரு கதை புலப்படும். மேற்கே ஆரவல்லி மலையின் கடைசிப் பாறைத்தொடர், கிழக்கே யமுனை. இவ்விரண்டும் வடக்கே வஸீராபாத் அருகில் நெருங்கி ஒரு முக்கோணத்தை உண்டாக்குகின்றன. தில்லியின் பழைய நகரங்கள் பலவும் இம்முக்கோணத்தில் எழுந்தவையே. முதலில் வந்தோர் பாறையை நம்பினர். மெஹ்ரோலி, சிரி, துக்ளகாபாத் ஆகிய நகரங்கள் ஆற்றை விட்டு விலகியே நின்றன. உயரமும் அரணும் கிடைத்தன, குடிநீர் கிடைக்கவில்லை. இல்துத்மிஷ் வெட்டிய ஹௌஸ்-இ-ஷம்ஸியும், அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஹௌஸ் காஸும் அக்குறையைப் போக்கப் பிறந்த ஏரிகள். இடையே கைகுபாத் என்னும் சுல்தான் கிலோக்ரியில் ஆற்றங்கரையில் அரண்மனை அமைத்ததுண்டு, அது நிலைக்கவில்லை. 1354-இல் பிரோஸ் ஷா துக்ளக் தம் நகரை ஆற்றங்கரைக்குக் கொணர்ந்த பின்னரே போக்கு மாறிற்று. 1533-இல் ஹுமாயூன் தொடங்கிய தீன்பனா, அதாவது இன்றைய பழைய கோட்டை. 1546-இல் ஷேர்ஷாவின் மகன் ஸலீம் ஷா எழுப்பிய ஸலீம்கட். 1639-இல் ஷாஜஹான் அடிக்கல் நாட்டி 1648-இல் குடிபுகுந்த செங்கோட்டை என யாவும் நீரோரத்தில் எழுந்தன.

பிரோஸ் ஷா கோட்லாவில் அசோகன் தூணைக் கண்டோம். இது இங்கே நிறுத்தப்பட்ட தூணன்று. வடக்கே தோப்ரா என்னும் சிற்றூரிலிருந்து பெயர்த்தெடுத்து, இலவம் பஞ்சை மெத்தையாக இட்டுச் சாய்த்து, நாற்பத்திரண்டு சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனைக் கரை வரை இழுத்து வந்து, படகுகளில் மிதக்கவிட்டுக் கொணர்ந்ததாக அக்காலத்து ஆசிரியர் ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் எழுதியுள்ளார். சரக்கு ஏற்றி இறக்கும் அலுவலில் உழல்பவனாகிய எனக்கு அந்த வண்டிக் கணக்கே பெரு வியப்பைத் தந்தது. தூணிலுள்ள எழுத்தை அன்று படிக்க வல்லார் ஒருவருமிலர். 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் படித்தார். "சோழ பாண்டியர் பெயர் இதில் உண்டா?" என்று மாமா ஆவலோடு கேட்டார். இல்லை, நம்மவர் பெயர் காண்பது அசோகனின் பாறைச் சாசனங்களில். மாமாவுக்குச் சிறிது ஏமாற்றந்தான்.

செங்கோட்டையைப் பார்க்கச் செல்வோர் அனைவரும் மேற்கே லாகூர் வாயிலில் நுழைந்து அதே வழியில் திரும்புகின்றனர். அரண்மனையின் முகம் கிழக்கே இருந்தது. மதிலை ஒட்டி யமுனை ஓடிற்று. ஆற்று மணலில் குடிகள் கூட, முஸம்மன் புர்ஜ் என்னும் எண்கோண மாடத்திலிருந்து பாதுஷா காலைதோறும் தரிசனம் தந்தார். 1857 மே 11-ஆம் நாள் காலையில் மீரட்டிலிருந்து வந்த குதிரை வீரர்கள் ஸலீம்கட்டை அடுத்திருந்த படகுப் பாலத்தைக் கடந்து, அம்மாடத்தின் கீழ் நின்றே முதிய பகதூர் ஷாவைக் கூவியழைத்தனர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் மக்களுக்குக் காட்சியளிக்க அதே மாடத்தையே தேர்ந்தனர். காலப்போக்கில் ஆறு கிழக்கே ஒதுங்கிற்று. அது விட்டுச் சென்ற நிலத்தில் சுற்றுச் சாலை வந்தது. அதில் மோட்டார்கள் ஓடுகின்றன. ஆறு போயினும் பெயர் போகவில்லை. தரியா என்றால் ஆறு. அதனை ஒட்டியிருந்த பேட்டையே தரியாகஞ்ச். காந்தியடிகளின் சமாதி அமைந்த ராஜ்காட்டின் பெயரிலும் ஒரு படித்துறை ஒளிந்திருக்கிறது.

நிற்க. என் இரும்புப் பாலத்தைப் பற்றி நான் சொல்லாமற் போனால் யார் சொல்லப் போகின்றனர்? ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கல்கத்தாவிலிருந்து போட்டு வந்த பாதை யமுனையின் கீழ்க்கரையில் வந்து நின்றது. பாலம் 1866-இல் முடிந்தது. பன்னிரண்டு கண்கள், ஒவ்வொரு கண்ணும் 202½ அடி. மேல்தட்டில் ரயில், கீழ்த்தட்டில் சாலை. முதலில் ஒற்றைப் பாதையாக இருந்தது 1913-இல் இரட்டையாயிற்று. பாலத்தை விட்டிறங்கும் தண்டவாளம் ஸலீம்கட் கோட்டையைப் பிளந்துகொண்டே நகருக்குள் நுழைகிறது. அக்கோட்டைக்குள் 1945-இல் இந்திய தேசிய இராணுவத்தினர் சிறை வைக்கப்பட்டனர். மலாயாத் தமிழர் திரளாகச் சேர்ந்த படை அது. நான் இருபது ஆண்டுகளாக அந்த மதில்களுக்கிடையே செய்தித்தாள் படித்துக்கொண்டு சென்றிருக்கிறேன்.

யமுனையின் நீர்மட்டத்தை அளப்பதும் இப்பாலத்தில்தான். அபாய அளவு 205.33 மீட்டர். 1978-ஆம் ஆண்டு வெள்ளத்தில் 207.49 மீட்டர் வரை ஏறிற்று. 2023 ஜூலை 13-ஆம் நாள் 208.66 மீட்டரைத் தொட்டது. பாலத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. நான் மெட்ரோவில் ஆற்றைக் கடந்தபோது, ஜன்னல் வழியே இரு கரைகளையும் காணவில்லை. அன்று சுற்றுச் சாலையை மூழ்கடித்துக்கொண்டு யமுனை செங்கோட்டை மதிலைத் தொட்டது. செய்தித்தாள்கள் யாவும் ஆறு நகருக்குள் புகுந்தது என்றே எழுதின. மாமாவிடம் இதனைச் சொன்னபோது, "புகவில்லையப்பா, தன் பழைய வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது" என்றார்.

மாமாவை யமுனா பஜார்ப் படித்துறைக்கு அழைத்துச் சென்றேன். பனி மூட்டத்தில் நூற்றுக்கணக்கான வெண்ணிறக் கடற்காக்கைகள். குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து வருபவை அவை. படகோட்டிகள் பொரி எறிந்து அவற்றை அழைக்கின்றனர். காட்சி அழகாகத்தான் இருந்தது. நீர் கரியதாக இருந்தது. வஸீராபாத் அணையிலிருந்து ஓக்லா வரை தில்லிக்குள் ஆறு ஓடுவது 22 கிலோமீட்டர். 1,376 கிலோமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கும் இல்லை. ஆற்றின் அழுக்கில் பெரும்பகுதி இச்சிறு தொலைவிலேயே கலக்கிறது. இது நேற்று வந்த வினையன்று. 1955 டிசம்பரில் நஜஃப்கட் சாக்கடை நீர், குடிநீர் எடுக்கும் சந்திராவல் துறையிற் கலந்ததால், சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. 1959-இல் வஸீராபாத் அணை எழுந்தது. இன்று நம் குழாயில் வருவதில் ஒரு பங்கு அந்த அணைக்கு மேலே எடுத்த யமுனைதான். அணைக்குக் கீழே செல்வதில் பெரும்பங்கு நாம் திருப்பிக் கொடுத்தது. மாமா படியில் வெகுநேரம் நின்றார். துண்டை நனைக்கவில்லை. விரல் நுனியால் மூன்று துளி எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, "போகலாம்" என்றார்.

ஆற்றைக் கண்ட மனச்சோர்வை ஆற்றியது சாந்தினி சௌக். அதுவும் ஒருகாலத்தில் நீர்த்தெருவே. யமுனையின் மேற்பாகத்திலிருந்து பிரிந்த கால்வாய் ஒன்று தெருவின் நடுவே ஓடிற்று. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா அமைத்த சதுக்கத்தின் நடுவில் ஒரு தடாகம். அதில் நிலவொளி விழுந்தமையால் சாந்தினி சௌக் என்று பெயர் வந்ததென்பர். காலையில் பேட்மி பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் உண்டோம். உளுந்தை அரைத்துச் சேர்த்த பூரி அது. மாமாவுக்கு அதில் நம் வடையின் வாசனை தெரிந்தது. தரீபா முனையில் நெய்யிற் பொரித்த பருத்த ஜிலேபி. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட் என்னும் பால் நுரையை, அது கரைவதற்குள் விழுங்கவேண்டும். அசைவ அன்பர்கள் ஜும்மா மசூதிப் பக்கம் விடியற்காலையில் சென்றால், இரவெல்லாம் கொதித்த நிஹாரி கிடைக்கும். நஹார் என்ற அரபுச் சொல்லுக்குப் பகல் என்பது பொருள். அதன் பெயரே காலை உணவு என்பதைச் சொல்லும்.

பழைய தில்லிக்காரர் ஒரு கதை சொல்வர். புதிய தலைநகரின் நீர் உடம்புக்கு ஆகாதென்று ஷாஜஹானின் வைத்தியர் கூறினாராம். அந்நீரின் தோஷம் நீங்கப் புளியும் மிளகாயும் மிகுதியாக உண்ணச் சொன்னாராம். அதனின்றே சாட் வகைகள் பிறந்தனவாம். எழுத்தில் ஆதாரம் உள்ளதாகத் தோன்றவில்லை. நாவுக்கு இன்பமான எதற்கும் ஒரு வைத்தியரைச் சாட்சிக்கு அழைப்பது எல்லா ஊரிலும் உள்ளதே.

காரீ பாவ்லி என்றால் உப்பு நீர்க் கிணறு. கிணறு மறைந்து, மளிகைக் கடல் ஒன்று அங்கே பெருகியிருக்கிறது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நடந்த மாமா, ஒரு மூட்டையின் மேல் தமிழெழுத்தைக் கண்டு நின்றுவிட்டார். ஈரோட்டு மஞ்சள். கடைக்காரரிடம் அவர் தமிழிலும் கடைக்காரர் இவரிடம் இந்தியிலும் கால் மணி நேரம் விலை பேசினர். ஒன்றும் வாங்கவில்லை, இருவரும் மகிழ்ச்சியோடு பிரிந்தனர்.

மாமா ஊர் திரும்பியது நிஜாமுதீனிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸில். வண்டிக்கு நேரமிருந்தமையால் அருகிலுள்ள பாராபுலாப் பாலத்தைப் பார்க்கச் சென்றோம். ஜஹாங்கீர் காலத்தில் மிஹர் பானு ஆகா என்னும் அரண்மனை அதிகாரி கட்டுவித்தது. பன்னிரு தூண்களும் பதினொரு வளைவுகளும் கொண்டது. யமுனைக்குச் செல்லும் ஓர் ஓடையை மதுரா செல்லும் சாலை கடக்கும் இடம் அது. ஓடை இப்போது சாக்கடை.

அந்தச் சாக்கடையின் கரையில்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாக மதராஸி கேம்ப் இருந்தது. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர், சுமார் 370 குடிசைகளில் வாழ்ந்தனர். ஜங்க்புராவிலும் சுற்றுப்புறங்களிலும் வீட்டு வேலை செய்தனர். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியிற் படித்தனர். வெள்ளநீர் வடிய வழியில்லாமற் போகிறது என்பதால், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அக்குடிசைகள் அகற்றப்பட்டன. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்கு வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு என்றாயிற்று. ஏனையோருக்குத் தகுதி இல்லையென்றாயிற்று. ஓடை வடியவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊரின் கழிவையெல்லாம் ஓடையிற் சேர்த்தவர்கள் அக்கரையில் குடிசை போட்டவர்கள் மட்டுந்தானா?

நம் சங்கத்தவராகிய நாம், பெரும்பாலும் சர்க்கார் குடியிருப்புகளிலும் அடுக்ககங்களிலும் வாழ்பவர். ஆறு நம் கண்ணிற் படாததுபோல் அவர்களும் படவில்லை. சென்ற ஆண்டுகளில் நமது ஆண்டு விழா விருந்துக்குக் காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் வந்த அம்மையார் இருவர் அந்த முகாமினர் என்பதை, மாமா பாலத்தருகே நின்று "இங்கே இருந்தவர்களில் உனக்கு யாரையேனும் தெரியுமா?" என்று கேட்டபோதுதான் நினைத்துப் பார்த்தேன். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

விசாரித்ததில் ஒருவர் நரேலாவில் இருப்பதாகத் தெரிகிறது. மற்றவர் ஊருக்கே போய்விட்டாராம். நரேலாவிலிருந்து விழா மண்டபத்துக்கு இரண்டு பஸ் மாறி வரவேண்டும்; சமையல் தொடங்கும் நேரத்துக்கு வருவதாயின் விடியுமுன் புறப்படவேண்டும். இவ்வாண்டு முதல்நாள் மாலையே வந்து எங்கள் இல்லத்தில் தங்கும்படி அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.